கழகம் மாறுதல்: ‘கோல் 2’ காட்டாமல் விட்ட கடதாசி வேலை

2005இல் வந்த ‘கோல்’ படத்தில், லொஸ் ஏஞ்சலிஸில் தகப்பனோடு தோட்ட வேலை செய்த மெக்சிக்கோப் பெடியன் சன்டியாகோ முனெஸ் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைட்டட் கழகத்துக்குப் போய்ச் சேர்வான். 2007இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. அதில் அவன் நியூகாசிலை விட்டு ரியல் மட்ரிட்டுக்கு மாறுகிறான். குனோ பெக்கர்தான் சன்டியாகோ. ஹவுமே கொயெட்-செரா இயக்கினார். பெக்கம் போன்ற உண்மையான ஆட்டக்காரர்கள் படத்துக்குள்ளேயே வந்து போவார்கள்.

கதையே கழகம் மாறியதால் வந்த கதைதான். ஆனால் அந்த மாற்றம் திரையில் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஒரு பேச்சு, ஒரு பயணம், அடுத்ததாக வெள்ளைச் சட்டை. பார்க்கிற பிள்ளைகள் “ரியல் மட்ரிட் காசு கொடுத்து ஆளை வாங்கிவிட்டது” என்று விளங்கிக்கொள்வார்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மற்ற விதிகளைப் பார்த்தால் ஒன்றுமே பொருந்தாது. சில பேரை ஏன் சும்மா எடுக்கிறார்கள், ஏன் சில மாதங்களில் மட்டும் மாறலாம், இரவல் என்றால் என்ன என்று எல்லாமே புதிராக இருக்கும்.

வன்னியில் இதை விளங்கப்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது: வயல் குத்தகை.

இரணைமடுவுக்குக் கீழே ஒருவர் மூன்று வருடக் குத்தகைக்கு வயல் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் முடிந்தபின் இன்னொருவருக்கு அதே வயல் வேணும். குத்தகைக்காரருக்கு இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தை அவர் விட்டுக்கொடுக்க ஒரு தொகை கேட்பார். குத்தகை முடிய ஒரு மாதம்தான் இருக்கிறதென்றால் அவ்வளவு கேட்க முடியாது. முடிந்துவிட்டால் அவருக்கு ஒரு சதமும் இல்லை. நேரே காணிக்காரரிடம் போகலாம். கால்பந்தில் கழகம்தான் குத்தகைக்காரர், ஒப்பந்தக் காலம்தான் குத்தகைக் காலம், மாற்றுத் தொகை என்பது மிச்சக் காலத்தை விட்டுக்கொடுப்பதற்கான விலை. இங்கே காணியும் காணிக்காரரும் ஒருவரே, அதாவது ஆட்டக்காரர். வயல் வாய் திறக்காது, ஆட்டக்காரர் திறப்பார். இரண்டு கழகங்களும் தொகையில் உடன்பட்டாலும் அவர் கையெழுத்து வைக்காவிட்டால் மாற்றம் இல்லை. “விற்றார்கள்” என்ற சொல் பிழையாகும் இடம் இதுதான்.

ஒப்பந்தத்தைத் தவிர இன்னொரு கடதாசியும் உண்டு: பதிவு. இந்த ஆட்டக்காரர் இந்தக் கழகத்துக்கு ஆட உரிமை உள்ளவர் என்று அந்த நாட்டுச் சங்கம் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. ஒப்பந்தம் சம்பளத்துக்கு, பதிவு ஆடுவதற்கு. ஒப்பந்தம் எழுதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பதிவு இல்லாததால் ஆட முடியாமல் மாதக்கணக்கில் பார்வையாளராக இருந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவரைப் பற்றிக் கீழே வரும்.

தொழில்முறை ஆட்டக்காரர் யார் என்பதற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபாவின் வரையறை சின்னது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆடுவதற்கு ஆகும் செலவை விடக் கூடக் காசு கிடைக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தொழில்முறை. மற்ற எல்லோரும் அமெச்சூர். எங்கள் மின்னொளிச் சுற்றுப்போட்டிகளில் ஒரு இரவுக்கு வெளியாள் இறக்கி, பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து அனுப்புவது இந்தக் கணக்கில் சேராது. இலங்கையில் திணைக்கள அணிகளிலும் படை அணிகளிலும் ஆடுபவர்களுக்குக் கூட, பெரும்பாலும் உத்தியோகச் சம்பளம்தான் வருமானம். சன்டியாகோவின் உலகம் வேறு: அங்கே ஆட்டமே உத்தியோகம்.

ஒப்பந்தம் எவ்வளவு காலத்துக்கு எழுதலாம்? பீபா விதியில் கூடியது 5 வருடம். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 3 வருடம். ஒரு நாட்டின் சட்டம் இடம் கொடுத்தால் 5ஐத் தாண்டலாம். செல்சி 2023 ஜனவரியில் முட்ரிக் என்ற உக்ரேனியரை எட்டரை வருடத்துக்கு எழுதியது அப்படித்தான்.

ஒப்பந்தம் முடிந்தால் விடுதலை: அது வந்த வழி

முன்பு ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கழகம் காசு கேட்கலாம். குத்தகை முடிந்தும் வயலை விடாத கதைதான். பெல்ஜியத்தில் ஜான்-மார்க் பொஸ்மன் என்ற ஆட்டக்காரருக்கு 1990இல் லியேஜ் கழகத்துடனான ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சின் டன்கேர்க் கழகம் அவரை எடுக்க ஆயத்தமாக இருந்தது. டன்கேர்க் தொகையைக் கட்டுமா என்ற சந்தேகத்தில் லியேஜ் விடவில்லை. பொஸ்மன் வழக்குப் போட்டார். ஐந்து வருடம் இழுபட்டது. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற, பழைய கழகம் தொகை கேட்க முடியாது. அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் கழிந்துவிட்டது. வழியைத் திறந்தவர் அவர், அதில் நடந்து உழைத்தவர்கள் மற்றவர்கள்.

இன்று உலகம் முழுக்க நடைமுறை இதுதான். இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது: ஒப்பந்தம் முடிய 6 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ஆட்டக்காரர் இன்னொரு கழகத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி வைக்கலாம். ஜூனில் முடிகிறவர் ஜனவரியில் எழுதிவிட்டு, மிச்சத்தைப் பழைய கழகத்தில் ஆடி முடித்து, ஜூலையில் போவார். “கடைசி வருடத்துக்குள் போகிறான், இப்பவே வித்துப்போடு” என்று ரசிகர்கள் கத்துவது இதனால்தான். ஒப்பந்தம் தேயத் தேயத் தொகையும் தேயும்.

பொஸ்மன் தீர்ப்புக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு. ஒன்றியத்து நாட்டவர்களை “வெளிநாட்டார்” என்று எண்ணி மட்டுப்படுத்தக்கூடாது என்றும் அது சொன்னது. வெளியாருக்கு மட்டும் வரம்பு இருக்கலாம். ஸ்பெயினின் லா லிகாவில் ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு மூன்று இடம்தான். சன்டியாகோ மெக்சிக்கோக்காரன், ரியல் மட்ரிட் போன்ற அணியில் பிரேசில்காரர்களோடு அந்த மூன்றுக்குள் அவன் போட்டிபோட வேண்டியிருந்திருக்கும். படம் அந்தப் பக்கமே போகவில்லை. உண்மையில் இலத்தீன் அமெரிக்கருக்கு ஒரு வழி இருக்கிறது: ஸ்பெயினில் சட்டப்படி இரண்டு வருடம் வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் அந்த இடம் இன்னொருவருக்குக் காலியாகும். ஒரு இலங்கையருக்கு அந்தச் சலுகை இல்லை. மற்றவர்கள் பத்து வருடம் இருக்க வேண்டும்.

காலபோகம், சிறுபோகம்

எப்போதும் கழகம் மாற முடியாது. வருடத்துக்கு இரண்டு பதிவுக் காலங்கள். பருவத்துக்கு முன் பெரியது; அதைக் காலபோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தின் நடுவில் சின்னது, அது சிறுபோகம். ஐரோப்பாவின் பெரிய நாடுகளில் முதலாவது கோடையிலும் இரண்டாவது ஜனவரியிலும் வரும். திகதிகளை ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் பீபாவின் வரம்புக்குள் தானே குறிக்கும்.

பலர் பிழையாக விளங்கும் ஒரு இடம் இது. கணக்கில் எடுப்பது ஆளை எடுக்கும் நாட்டின் கதவு, விடும் நாட்டின் கதவு இல்லை. இங்கிலாந்தில் மூடியபின்னும் துருக்கியில் திறந்திருந்தால் இங்கிலாந்துக் கழகம் ஆளை அங்கே விடலாம். பதிலுக்கு ஒருவரை எடுக்க மட்டும் முடியாது. ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்து சும்மா இருப்பவருக்குக் கதவு மூடிய பிறகும் பதிவு செய்ய இடமுண்டு. ஒரே பருவத்தில் ஒருவர் மூன்று கழகங்களில் பதிவாகலாம். ஆனால் சாதாரணமாக இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம்.

நாட்டுக்கு நாடு மாறும்போது பழைய நாட்டின் சங்கம் புதிய நாட்டின் சங்கத்துக்கு ஒரு சர்வதேச மாற்றுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். முன்பு தொலைநகலில் போய் வந்தது. 2010 ஒக்டோபரில் இருந்து தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பீபாவின் கணினி முறைமை கட்டாயம். எடுக்கும் கழகமும் விடும் கழகமும் ஒரே விபரத்தைத் தனித்தனியே பதிய வேண்டும்: தொகை, தவணை, ஒப்பந்தக் காலம், முகவர் யார் என்று எல்லாம். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் முறைமை நகராது. எங்கள் சுற்றுப்போட்டிகளில் ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் முன்பு பெயர்ப்பட்டியலில் வெட்டி எழுதுவோமே, அந்த விளையாட்டு அங்கே எடுபடாது.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு இரண்டு சம்பவம் போதும். 2015 ஓகஸ்ட் 31 அன்று, மன்செஸ்டர் யுனைட்டடின் கோல் காப்பாளர் டேவிட் டி கேயா ரியல் மட்ரிட்டுக்குப் போகவிருந்தார். எல்லாம் பேசி முடிந்தது. ஸ்பெயினின் கதவு நள்ளிரவில் மூடியது, கடதாசி நேரத்துக்கு வந்து சேரவில்லை. இரண்டு கழகமும் ஒன்றையொன்று குற்றம் சொல்லி அறிக்கை விட்டன. டி கேயா மன்செஸ்டரிலேயே 2023 வரை இருந்தார். 2017இல் போர்த்துக்கலின் அட்ரியன் சில்வாவை லெஸ்டர் சிற்றி எடுத்தது. ஆவணம் 14 செக்கன் பிந்தியது. பீபா ஏற்கவில்லை. காசும் கொடுத்து ஒப்பந்தமும் எழுதிய ஆட்டக்காரர் 2018 ஜனவரி வரை ஒரு ஆட்டமும் ஆடாமல் பயிற்சி மட்டும் செய்தார். பதிவு வேறு, ஒப்பந்தம் வேறு என்பதை இதைவிடத் துப்புரவாகக் காட்ட முடியாது.

பேச்சு எந்த ஒழுங்கில் நடக்கும்

முதலில் கழகத்தோடு கழகம். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரோடு பேசுமுன், அவருடைய கழகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தேத்தண்ணிக் கடையில் வைத்து இரகசியமாகப் பேசுவது தண்டனைக்குரியது. 2005இல் ஆர்சனலின் அஷ்லி கோலைச் செல்சி ஒரு ஹோட்டலில் சந்தித்தது அம்பலமாகி, கழகத்துக்கு 300,000 பவுண் தண்டம் விழுந்தது, ஆட்டக்காரரும் தப்பவில்லை.

தொகை ஒரு தனி எண்ணாக இருப்பது குறைவு. நிச்சயத் தொகை ஒன்று, அது பெரும்பாலும் வருடத் தவணைகளில். அதன்மேல் நிபந்தனைத் தொகைகள்: இத்தனை ஆட்டம் ஆடினால் இவ்வளவு, கிண்ணம் வென்றால் இவ்வளவு. சில வேளைகளில் மறுமாற்றப் பங்கும் எழுதுவார்கள். ஆளைப் பிறகு இன்னொரு கழகத்துக்கு விட்டால் அதில் இத்தனை வீதம் பழைய கழகத்துக்கு. சின்னக் கழகங்கள் கேட்டு வாங்க வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான். கேட்க மறந்தால் பிறகு கோடிகள் தலைக்கு மேலே பறக்கும்.

ஸ்பெயினில் இன்னொரு வழக்கமும் உண்டு. 1985ஆம் ஆண்டின் ஒரு அரச ஆணை, இழப்பீடு கொடுத்து ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்கிறது. அதனால் எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு விடுவிப்புத் தொகையை எழுதிவிடுவார்கள். யாரும் கட்டமாட்டார்கள் என்று நினைத்து எழுதிய தொகை அது. 2017 ஓகஸ்டில் பார்சலோனாவில் ஆடிய நெய்மருக்காக 222 மில்லியன் யூரோ கட்டப்பட்டது. பார்சலோனா விரும்பவில்லை, தடுக்கவும் முடியவில்லை. இங்கே கழகத்தின் சம்மதம் தேவையில்லை.

கணக்குப் புத்தகத்தில் இது எப்படி ஏறும் என்பதையும் பார்த்துவிடுவோம், செய்திகளில் வரும் “இலாபம்”, “நட்டம்” என்ற பேச்சு அப்போதுதான் பிடிபடும். ஒருவரை 30 மில்லியன் யூரோவுக்கு 5 வருடத்துக்கு எழுதினால், புத்தகத்தில் வருடம் 6 மில்லியன் செலவாக ஏறும். மூன்று வருடம் போனபின் மிச்ச மதிப்பு 12 மில்லியன். அவரை 20 மில்லியனுக்கு விட்டால், வாங்கியதை விடக் குறைய விற்றும் புத்தகத்தில் 8 மில்லியன் இலாபம். லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தின் தவணையோடு இதைக் குழப்ப வேண்டாம். தவணை என்பது கையிலிருந்து காசு எப்போது போகிறது என்பது. இது இயந்திரம் வருடத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்ற கணக்கு. செல்சி எட்டரை வருடம் எழுதியதன் சூட்சுமம், வருடச் செலவைச் சின்னதாகக் காட்டுவது. அதைப் பார்த்து ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூயெஃபா 2023இல் தன் நிதிக் கணக்கில் 5 வருடத்துக்கு மேல் பரப்ப முடியாது என்று கட்டிப்போட்டது.

கழகங்கள் உடன்பட்டபின் ஆட்டக்காரரோடு பேச்சு: சம்பளம், வெகுமதி, வீடு, குடும்பத்துப் பயணம், அவருடைய படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை. பெக்கம் காலத்து ரியல் மட்ரிட்டில் இந்த விளம்பர உரிமைக்குச் சம்பளத்துக்கு நிகரான கனம் இருந்தது. படத்தில் சன்டியாகோவைச் சுற்றி வரும் கார், வீடு, கமெரா எல்லாம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை; அதைப் படம் நன்றாகவே காட்டுகிறது.

கடைசியில் மருத்துவ சோதனை. முழங்கால், கணுக்கால், இடுப்புக்கு எம்ஆர்ஐ, இருதயத்துக்கு ஈசிஜியும் எக்கோவும், இரத்தம், பழைய காயங்களின் பதிவு. “பாஸ், பெயில்” என்று எழுதுவதாக நினைக்காதீர்கள். வைத்தியர் ஆபத்து எவ்வளவு என்று சொல்வார், எடுப்பதா விடுவதா என்பது கழகத்தின் முடிவு. 2000இல் வான் நிஸ்டல்ரோயின் முழங்காலைப் பார்த்து மன்செஸ்டர் யுனைட்டட் தயங்கியது. சில நாட்களில் அந்த முழங்காலின் தசைநார் அறுந்தது. காத்திருந்து அடுத்த வருடம் அவரையே எடுத்தார்கள், கோல்களாகக் குவித்தார். 2008இல் லிலியான் துராமின் இருதயத்தில் குறை தெரிந்து பரிஸ் கழகத்துக்கான மாற்றம் நின்றது, அவருடைய ஆட்டமும் அத்தோடு நின்றது.

நியூகாசிலில் இருந்து ரியல் மட்ரிட்டுக்கு உண்மையிலேயே ஒருவர் போனார். ஜொனதன் வுட்கேட், 2004 ஓகஸ்ட். எடுக்கும்போதே தொடையில் காயம், தெரிந்தே எடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 2005 செப்டெம்பரில் முதன்முதல் இறங்கிய அன்று தன் பக்கமே ஒரு கோல் போட்டு, பிறகு சிவப்பு அட்டையும் வாங்கி வெளியே போனார். திரைக்கதையாக எழுதினால் மிகைப்படுத்தல் என்று தயாரிப்பாளர் வெட்டியிருப்பார்.

எடுத்தபின் ஆட விடாவிட்டால்?

‘கோல் 2’இன் சிறந்த பகுதி இதுதான் என்பது எங்கள் எண்ணம். சன்டியாகோ நேரே அணிக்குள் போவதில்லை. மாற்று ஆட்டக்காரனாக இறங்கித்தான் கோல் போடுகிறான். பழைய நண்பன் கவின் ஹரிசும் அதே இடத்துக்கு நிற்கிறான். ஒருவன் இறங்கினால் மற்றவன் ஆசனத்தில். தொழில்முறை ஒப்பந்தம் சம்பளத்துக்கு உறுதி தரும், ஆட்டத்துக்குத் தராது. இதைப் படம் சொல்லாமல் சொல்கிறது.

விதியில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். நிலைபெற்ற ஒரு ஆட்டக்காரர், ஒரு பருவத்தில் தன் கழகத்தின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 வீதத்துக்கும் குறைவாகவே இறங்கியிருந்தால், விளையாட்டுக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கலாம். கடைசி ஆட்டம் முடிந்து 15 நாளுக்குள் செய்ய வேண்டும். 50 ஆட்டத்தில் 5க்குக் குறைய என்று கணக்குப் பாருங்கள். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தாலும் முறிக்கலாம். ஆனால் முதலில் எழுத்தில் கேட்டு 15 நாள் தவணை கொடுக்க வேண்டும். எழுத்தில் கேட்காமல் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள், சம்பளம் வராத குற்றம் கழகத்தின் பக்கம் இருந்தும் தாங்களே ஒப்பந்தத்தை முறித்தவர்களாகி இழப்பீடு கட்ட வேண்டி வரும்.

காரணமில்லாமல் முறித்தால் என்ன தண்டனை என்பது இன்னும் நிலைபெறாத விதி. லசானா டியாரா என்ற ஆட்டக்காரரின் வழக்கில் 2024 ஒக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், பீபாவின் சில கட்டுப்பாடுகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்றது. பொஸ்மனுக்குப் பிறகு இவ்வளவு பெரிய அடி விழவில்லை.

ஆட விடாத இளம் ஆட்டக்காரரைக் கழகங்கள் பெரும்பாலும் இரவல் கொடுக்கும். சொல்லிலேயே பொருள் இருக்கிறது. ஒப்பந்தம் சொந்தக் கழகத்தில், பதிவு தற்காலிகமாக இன்னொன்றில். கூடியது ஒரு வருடம். இரவல் வாங்கியதை இன்னொருவருக்கு இரவல் கொடுக்க முடியாது. சம்பளத்தை யார் எவ்வளவு கட்டுவது என்பது பேச்சைப் பொறுத்தது.

முகவர்: இந்தப் பக்கத்தைக் கவனமாக வாசியுங்கள்

படத்தில் சன்டியாகோவுக்கு கிளென் ஃபோய் இருக்கிறார். நல்ல மனிசன். வன்னியில் “வெளிநாட்டு ஏஜென்சி” என்றால் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும், அந்த எச்சரிக்கை இங்கேயும் வேணும். 2023இல் இருந்து பீபா முகவர்களுக்குப் பரீட்சையும் உரிமமும் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமம் உள்ளவர்களின் பெயர்கள் பீபாவின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். உண்மையான முகவரின் ஊதியம் ஆட்டக்காரரின் சம்பளத்திலிருந்தோ மாற்றுத் தொகையிலிருந்தோ ஒப்பந்தத்துக்குப் பிறகு வருவது. தேர்வுக்கு அழைத்துப் போக முன்கூட்டியே இலட்சக்கணக்கில் கேட்பவர் ஆள்தேர்வு செய்பவர் இல்லை.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவது பொதுவாகவே தடை. விதிவிலக்குகள் சில: பெற்றார் கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோவது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரை, எல்லைக்கு 50 கிலோமீற்றருக்குள் வீடும் கழகமும் இருப்பது. கிளிநொச்சியில் இருக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு இவற்றில் நடைமுறைக்கு வருவது முதலாவது மட்டும்தான். “உங்கட மகனை ஐரோப்பாக் கழகம் கேக்குது” என்று யாராவது வீட்டுக்கு வந்தால், வயதை மட்டும் கேட்டாலே பொய் பிடிபட்டுவிடும்.

ஊர்க் கழகத்துக்கு இதில் என்ன?

காசு இருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஒருவர் தொகையோடு வேறு நாட்டுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும், அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 வீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5 வீதம். கூட்டிப் பாருங்கள்: நாலு வருடத்துக்கு 1, எட்டு வருடத்துக்கு 4, மொத்தம் 5. முல்லைத்தீவுக் கரையோரக் கழகம் ஒன்றில் 12 வயதிலிருந்து நாலு வருடம் பதிவில் இருந்த ஒருவர், பிறகு எங்கெங்கோ போய் ஒருநாள் 10 இலட்சம் யூரோவுக்கு மாறினால், அந்தக் கழகத்துக்கு 10,000 யூரோ. மறுபடி மாறினால் மறுபடி வரும்.

இது தவிரப் பயிற்சி இழப்பீடு என்று ஒன்று. முதன்முதல் தொழில்முறை ஒப்பந்தம் எழுதும்போதும், 23 வயதாகும் வருடம் வரையான மாற்றங்களின்போதும் வருவது. அது எடுக்கும் கழகத்தின் வகுப்பைப் பொறுத்து வருடக் கணக்கில் வரும். 12 முதல் 15 வரையான வருடங்களுக்குக் கடைசி வகுப்பின் தொகைதான்: ஐரோப்பாவில் வருடம் 10,000 யூரோ, ஆசியாவில் 2,000 டொலர். எடுப்பது கடைசி வகுப்புக் கழகமாக இருந்தால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. எனவே எங்கள் பிள்ளைகள் போகக்கூடிய சின்னக் கழகங்களிடமிருந்து இதை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். 2022 நவம்பரிலிருந்து இந்தக் காசெல்லாம் பரிஸில் இருக்கும் பீபாவின் தீர்வு நிலையம் வழியாகப் போகிறது. அது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு மின்னணு ஆட்டக்காரர் கடவுச்சீட்டு தயாரிக்கும்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை எந்தக் கழகத்தில் பதிவு என்று. அந்த விபரம் தேசியச் சம்மேளனத்தின் பதிவிலிருந்து வருகிறது. பதிவில் இல்லாத கழகத்துக்குப் பங்கு இல்லை. “எங்கட மைதானத்திலதான் பழகினவன், ஊரே சாட்சி” என்பது அங்கே எடுபடாது. பெரும்பாலும் பிழை வருவது மூன்று இடங்களில்.

கழகம் மாவட்டச் சங்கம் வழியாகச் சம்மேளனத்தில் இணைந்திருக்காது, அல்லது இணைப்பை வருடாவருடம் புதுப்பித்திருக்காது. பாடசாலை அணியில் மட்டும் ஆடிய காலத்துக்கும் இதே கதி; பாடசாலை என்பது சங்கத்தில் இணைந்த கழகமில்லை.

அடுத்தது, கழகம் பதிந்திருந்தாலும் 18 வயதுக்கு மேற்பட்ட முதல் அணியை மட்டும் பதிந்திருக்கும். 12 வயதுக்காரரைப் பதிய யாருக்கு மனம் வரும்? ஆனால் கணக்குத் தொடங்குவது அங்கேதான்.

மூன்றாவது பெயரும் பிறந்த திகதியும். வன்னியில் இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்கள் அநேகம். பிரதி எடுக்கும்போது எழுத்து மாறியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், கழகப் பட்டியலில் வீட்டுப் பெயர். நாலும் ஒரே ஆள் என்று எங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிள்ளையை முதன்முதல் பதியும் நாளிலேயே பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி எடுத்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே படிவத்தில் எழுதுங்கள். படிவத்தின் படம் ஒன்றைக் கழகச் செயலாளரின் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். செயலாளர் அடுத்த வருடப் பொதுக்கூட்டத்தில் மாறிவிடுவார், தொலைபேசி அவரோடேயே போய்விடும்.